மருத்துவக் காப்பீடு எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தனியார் மருத்துவமனையில் ஒரே ஓர் அறுவை சிகிச்சை போதும், நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். காப்பீடு வைத்திருந்தும் நகையை அடகு வைத்து பில் கட்டியவர்கள் உண்டு. பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்த அவர்கள், விதிமுறை என்ன என்று கேட்காமல் விட்டிருப்பார்கள். பாலிசி எடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: அரசுத் திட்டத்தில் இடமிருக்கிறதா?

காசு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் 70 வயது நிரம்பியவர் இருந்தால், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. 2024 அக்டோபர் முதல் இது நடைமுறையில் உள்ளது. இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, சம்பளத்தில் 0.75 சதவீதப் பிடித்தத்தில் குடும்பத்துக்கே மருத்துவ வசதி கிடைக்கும்.

படி 2: யாருக்கு, எவ்வளவு?

கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு ஒரே பாலிசியாக ஃப்ளோட்டர் எடுக்கலாம். வயதான பெற்றோரை அதில் சேர்க்காமல் தனி பாலிசி எடுப்பது நல்லது. ஃப்ளோட்டரில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் போடுவார்கள்.

உங்கள் ஊரில் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்கு என்ன ஆகும் என்று விசாரித்து, அதற்குக் குறையாத தொகைக்கு எடுங்கள். அலுவலகம் தரும் குழுக் காப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வேலையை விட்டால் பொதுவாக அதுவும் போய்விடும். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது.

படி 3: அறை வாடகை வரம்பைப் பாருங்கள்

பலர் ஏமாறுவது இங்கேதான். 5 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகையோடு விஷயம் முடியாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் ஆகியவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி தரும். அந்த வகையில் பில் 2 லட்சம் என்றால், 1 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகளுக்கு இந்த வெட்டு கிடையாது. முடிந்தால் அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாக எடுங்கள்.

‘கோ-பே’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். 20 சதவீத கோ-பே இருந்தால், ஏற்கப்படும் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும்.

படி 4: காத்திருப்புக் காலம்

பாலிசி எடுத்த முதல் 30 நாள்களுக்கு, விபத்து தவிர மற்றவற்றுக்குப் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள். நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எடுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

படி 5: எதையும் மறைக்காதீர்கள்

“சுகர், பிரஷரெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்” என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஜாக்கிரதை. க்ளெய்ம் வரும்போது பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து மறுத்துவிடுவார்கள். விண்ணப்பத்தை நீங்களே படித்து நிரப்புங்கள். பாலிசியை விடாமல் 60 மாதங்கள் தொடர்ந்தால், அதன்பின் மோசடியை நிரூபித்தால் தவிர, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்தால் க்ளெய்மை மறுக்க முடியாது.

படி 6: மருத்துவமனையில் சேரும்போது

கம்பெனியின் நெட்வொர்க் மருத்துவமனை என்றால் கேஷ்லெஸ் வசதி உண்டு; அதாவது பில்லைக் கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும். திட்டமிட்ட சிகிச்சைக்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள். ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் வகுத்த விதிப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். 3 மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால், அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். நெட்வொர்க்கில் இல்லாத இடமென்றால் பெரும்பாலும் பணம் கட்டிவிட்டுப் பின்னர் கோர வேண்டியிருக்கும். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: மறுத்தால் விடாதீர்கள்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை நாடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்கள் உங்களுக்கு அவகாசம் உண்டு. அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றையும் அதற்குள் படித்துப் பாருங்கள். சொன்னது ஒன்று, எழுதியிருப்பது வேறு என்றால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.