பீரோவில் கிடந்த நோக்கியா 5800, அம்மாவுக்கு ஆகுமா?

கேள்வி: என் அப்பா 2009-ல் ஆசையாக வாங்கிய நோக்கியா 5800 டச் போன் பீரோவில் கிடந்தது. சார்ஜ் போட்டதும் உயிர் வந்துவிட்டது. ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு வயது 64. அவருடைய பட்டன் போனில் எழுத்தெல்லாம் தேய்ந்து, நம்பர் சரியாக விழுவதில்லை. "எனக்கும் டச் போன் வேண்டும்" என்கிறார். புது ஸ்மார்ட்போன் கொடுத்தால் எதையாவது அழுத்திப் பணம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அப்பாவின் போனையே கொடுத்துவிடலாமா? பேசுவது, பாட்டு கேட்பது, எப்போதாவது ஒரு போட்டோ, அவ்வளவுதான் அவர் தேவை.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டு கேட்கக் கொடுங்கள். டச் பழகுவதற்கென்று மட்டும் கொடுக்காதீர்கள்.

அந்தக் காலத்துக்கு அது லேசுப்பட்ட போன் இல்லை. 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது 8 ஜி.பி. மாடலின் விலை 31,000 ரூபாய். அதில் வீடியோ எடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் போனுக்குப் புளூடூத்தில் ஒரு பாட்டு அனுப்ப முடியாது. காப்பி-பேஸ்ட்கூட அடுத்த ஆண்டுதான் வந்தது. 2008 அக்டோபரில் நோக்கியா அறிவித்த 5800 இதையெல்லாம் செய்தது. 3.2 மெகாபிக்சல் கேமரா, ஃபிளாஷ், எஃப்.எம். ரேடியோ, சாதாரண ஹெட்போன் செருகும் துளை, பெட்டிக்குள்ளேயே 8 ஜி.பி. மெமரி கார்டு, விலையும் குறைவு. வசதிகளை வரிசையாக எழுதிப் பார்த்த எவரும் நோக்கியாவைத்தான் வாங்கியிருப்பார்கள். உங்கள் அப்பாவின் கணக்கில் தப்பில்லை.

விரலை வைத்த பிறகுதான் சங்கடம். இன்றைய போன்களின் கண்ணாடி, விரல் பட்டாலே மின்மாற்றத்தை வைத்து உணர்ந்துகொள்ளும். 5800-ன் திரை அப்படியல்ல. மேலே வளையக்கூடிய ஒரு அடுக்கு, கீழே இன்னொன்று. மேலடுக்கு அழுந்திக் கீழடுக்கைத் தொட்டால்தான் போனுக்குச் சேதி போகும். அதனால்தான் பின்மூடியின் ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். கிட்டார் மீட்டும் வில்லை மாதிரி ஒன்றும் பெட்டியில் வந்தது. ஈரக் கையோடு, நகத்தால், பேனா மூடியால்கூட இயக்கலாம். அடுப்படியில் வேலையாக இருப்பவருக்கு இது உண்மையிலேயே சௌகரியம், அதை மறுக்கமாட்டேன்.

பெரிய தொல்லை மென்பொருளில் இருந்தது. மெனுவில் ஒரு ஐகானைத் தொட்டுப் பாருங்கள், உடனே திறக்கும். காண்டாக்ட்ஸ் பட்டியலில் ஒரு பெயரைத் தொடுங்கள். அதன்மேல் ஒரு வண்ணப் பட்டை விழும், அவ்வளவுதான். இன்னொரு முறை தொட்டால்தான் திறக்கும். எந்த இடத்தில் ஒரு தட்டு, எந்த இடத்தில் இரண்டு என்று மனப்பாடம் செய்ய வேண்டும். உள்ளே ஓடும் சிம்பியன் பட்டன் போன்களுக்காக வளர்ந்த மென்பொருள். மேல்-கீழ் பட்டனால் ஒரு வரிக்குப் போய், நடுப் பட்டனை அழுத்தித் திறக்கும் பழக்கம் அதற்கு. அதன்மேல் டச் வசதியைப் போர்த்தியதால் அந்த இரண்டு படிகளும் அப்படியே தங்கிவிட்டன. போனை நோண்டிப் பார்க்கும் இளைஞருக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும். பேசுவதற்கு மட்டும் போனை எடுப்பவர், தான்தான் ஏதோ தப்பாகத் தொடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

அழுத்தினால்தான் கேட்கும் இந்தத் திரையில் பழகிய கை அடுத்த போனிலும் அழுத்திப் பிடிக்கும். புதுப் போன்களில் அழுத்திப் பிடிப்பதற்கு வேறு அர்த்தம்: ஐகான் இடம் மாறும், 'நீக்கவா?' என்று கேட்கும். நீங்கள் பயப்படுகிற 'எதையாவது அழுத்திவிடுவது' அங்கேதான் நடக்கும்.

சிம் விஷயம் சுருக்கமாக. ஜியோ இதில் எடுக்காது. அதற்கு 4ஜி போன் வேண்டும். ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். சிம்கள் 2ஜி கிடைக்கும் இடங்களில் பேச உதவும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துப் போட்டால் பக்கவாட்டுத் துளையில் மாட்டிக்கொள்ளலாம். எடுக்க வேண்டுமானால் பேட்டரியைக் கழற்றி, உள்ளிருந்து குச்சியால் தள்ள வேண்டும். வாட்ஸ்அப் சிம்பியனை 2017-லேயே கைவிட்டது. தமிழுக்கு, அம்மா கையில் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு தமிழ் எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அன்று ஓபரா மினி பிரவுசரில் ஒரு செட்டிங்கை மாற்றி, தமிழ்ப் பக்கங்களைப் படமாக வரவழைத்துப் படித்தோம். அந்த வித்தை எஸ்.எம்.எஸ்.ஸுக்குச் செல்லாது.

பாட்டுக்கு மட்டும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் சத்தம் இன்றைக்கும் கூடத்துக்குப் போதும். பேட்டரி பி.எல்-5ஜே ரகம், லூமியா 520-க்கும் அதுதான் என்பதால் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, போலியும் நிறைய. இப்போதுள்ள பேட்டரியை மேசைமேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். தட்டாமாலை சுற்றினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

பணப் பயத்துக்கு வருவோம். பழைய போன் அதற்குக் காப்பு இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்கிறவன் 5800-க்கும் கூப்பிடுவான், அந்த ஓ.டி.பி. அதே போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வந்து நிற்கும். அம்மாவின் வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அவர் கையில் இருக்கப்போகும் சிம் அதுவாக இருக்க வேண்டாம். பிறகு சாதாரண விலையில் ஒரு 4ஜி ஸ்மார்ட்போன் வாங்கி, ஜிபே, போன்பே எதையும் ஏற்றாமல், முகப்பில் நான்கைந்து பேரின் படத்தை மட்டும் வைத்துக் கொடுங்கள். அப்படியும் ஏதாவது பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான அரசு உதவி எண் அது.