உலர்த்திய நாள் எது, தம்பி?



சோடியம் அயனோமரையும் துத்தநாக அயனோமரையும் கலந்து தம்பி செய்த ஆய்வின் வரைவு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அன்று இரவே இரண்டு முறை படித்தாயிற்று. அயனோமர் என்றால் என்ன, அயனிக் கொத்து எப்படி உண்டாகிறது என்பதெல்லாம் இரு தரப்புக்கும் தெரிந்த பாடம். நேராக நான்காம் பக்கத்து அட்டவணைக்குப் போய்விடலாம்.

பதினொரு கலவை விகிதங்கள். ஒவ்வொன்றுக்கும் விறைப்பு, இழுவிசை வலிமை, முறியும்போது நீட்சி. அடியில் ஒரே ஒரு வரி: மாதிரிகள் அறை வெப்பநிலையில் சோதிக்கப்பட்டன.

எந்த அறை? காற்றில் ஈரம் எவ்வளவு? அச்சிலிருந்து எடுத்த அன்றே இழுத்தாரா, மூன்று வாரம் கழித்தா? இவற்றைச் சொல்லாத அட்டவணை கண்ணில் பட்டால் இதை எழுதுபவருக்குக் கோபம் வருகிறது. நாற்பது ஆண்டாகியும் அந்தக் கோபம் தணியவில்லை.

காரணம் இருக்கிறது. துத்தநாக வகையைவிடச் சோடியம் வகை அதிகத் தண்ணீர் குடிக்கும். உள்ளே போன தண்ணீர் அயனிக் கொத்துகளில் போய் உட்கார்ந்து அவற்றின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்தால் விறைப்பு இறங்கும். தம்பியின் வரைபடத்தில் சோடியம் மிகுந்த முனையில் கோடு வளைந்து கீழே வருகிறது. அது கலவையின் குணமா, தண்ணீரின் வேலையா? வரைவை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

நாள் கணக்கும் அப்படித்தான். எத்திலீன், மெத்தக்ரிலிக் அமில வகை அயனோமரை அறையில் சும்மா வைத்திருந்தாலே அது மாறிக்கொண்டிருக்கும். டி.எஸ்.சி.யில் முதல் முறை சூடாக்கினால் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு சிறு மேடு தெரியும். உடனே மறுபடி சூடாக்கினால் அதைக் காணோம். சில நாள் வைத்திருந்தால் திரும்ப வந்து நிற்கும். அயனிக் கொத்துகளுக்குள் ஏற்படும் ஒழுங்கே இதற்குக் காரணம் என்றார்கள் ஜப்பானில் தடானோ, ஹிராசாவா, யானோ. கொத்துகள் அல்ல, பாலிஎத்திலீன் பகுதிகள் மெல்ல மெல்லக் கட்டும் சிறு படிகங்கள்தான் என்று பிரின்ஸ்டனில் ரெஜிஸ்டரும் வாகபயாஷியும் வாதிட்டார்கள். காரணம் எதுவானாலும், வைத்திருக்க வைத்திருக்க விறைப்பு ஏறுகிறது.

கடலோர ஊர் ஆய்வகம் ஒன்றில், ஐப்பசி மழையில், இதை எழுதுபவரே இதில் மாட்டிக்கொண்டதுண்டு. ஒரே நாளில் அச்செடுத்த சோடியம் மாதிரிகள். ஒரு கட்டு உறையில் மூடியிருந்தது. இன்னொரு கட்டின் உறை திறந்தே கிடந்தது. தீபாவளி விடுமுறை முடிந்து இழுத்தால் ஒரு கட்டுக்கு விறைப்பு ஏறியிருந்தது, மற்றதற்கு இறங்கியிருந்தது. இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. பிடிகளை மாற்றி, லோடு செல்லை இரண்டு முறை சரிபார்த்தும் பயனில்லை. கடைசியில் ஆய்வக உதவியாளர்தான் கேட்டார்: "அந்தக் கவரை ஒட்டாமலே வச்சிட்டுப் போயிட்டீங்களே சார்?" பத்து நாள் தேடியதற்கு அந்த ஒரு கேள்வியில் விடை இருந்தது. அன்று முதல் ஒவ்வொரு உறையிலும் அச்செடுத்த நாள், உலர்த்திய நாள், இழுத்த நாள் மூன்றையும் எழுதுவது வழக்கமாயிற்று.

அடுத்த குறை, "சினர்ஜி" என்ற சொல். வரைவில் ஏழு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் விளக்கம் இல்லை. இந்த இரு வகைகளையும் கலந்தால் தனித்தனியே கிடைக்காத குணம் கிடைக்கும் என்பது புதுச்செய்தி அல்ல. டூபான்ட் 1960களில் சர்லின் என்ற அயனோமரைக் கொண்டுவந்தபின் கோல்ஃப் பந்தின் பலாட்டா உறைக்குப் போட்டி வந்தது. ராபர்ட் மோலிட்டர் 1974இல் பெற்ற காப்புரிமை இதே சோடியம், துத்தநாகக் கலவை உறையைப் பற்றியது: பந்து நன்றாகத் துள்ளியது, குளிரில் வெடிப்பதும் குறைந்தது. தம்பி சொல்ல வேண்டியது ஏன் என்பதை. உருகிய நிலையில் அயனிகள் இடம் மாறும். அப்படியானால் ஒரே கொத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்திருக்கின்றனவா, தனித்தனிக் கொத்துகளா? அகச்சிவப்பு நிறமாலையில் கார்பாக்சிலேட் பட்டைகளைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். ஐசன்பெர்க், ஹெர்ட், மூர் 1990இல் எழுதிய கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்: அயனித்திரளை (மல்டிப்ளெட்) சுற்றியுள்ள சங்கிலிகள் அசைவு குன்றிக் கிடக்கும், அந்தப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் கொத்து பிறக்கும் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. விறைப்பைப் பேச அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஒன்பதாம் பக்கம் வேறு ரகம். ஒவ்வொரு மாதிரியின் வளைவையும் சராசரிக்குள் ஒளிக்காமல் அப்படியே வரைந்து, சீக்கிரம் முறிந்தவற்றின் முறிமுகப் படங்களையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார் தம்பி. இந்த நேர்மை பெரிய பேராசிரியர்களிடமும் அரிது. அந்தப் பக்கத்துக்காகவே இவ்வளவு நீளக் கடிதம்.

இனி செய்ய வேண்டியது: சோடியம், துத்தநாகம், சரிபாதிக் கலவை, மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். வெற்றிட அடுப்பில் உலர்த்தி மூடி வைத்த கட்டு ஒன்று, திறந்து வைத்த கட்டு ஒன்று. மறுநாள், ஒரு வாரம், நான்கு வாரம் என இழுத்து, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு அனுப்பட்டும். அது வரும்வரை வரைவு எந்த இதழுக்கும் போக வேண்டாம்.