பழி தமக்கு, புகழ் குழுவுக்கு

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அவ்வூர்தி கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்களைச் சந்தித்து, தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். குழுவினர் குறைகளைக் கண்டறிந்து களைந்தனர். 1980 சூலை 18 அன்று ஏவூர்தி வெற்றி கண்டது. அன்று செய்தியாளர்களிடம் பேசும் வாய்ப்பைத் தவான், கலாமுக்கே அளித்தார்.

1982இல் கலாம், ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநரானார். தாம் கற்ற பண்பை அங்கும் கடைப்பிடித்தார். பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்னும் ஐந்து ஏவுகணைத் திட்டங்களுக்கும் தனித்தனி இயக்குநர்களை அமர்த்திப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தார். அக்னியின் முதல் ஏவுதல் இருமுறை தள்ளிப்போனபோதும் குழுவினர் சோர்ந்துவிடவில்லை. 1989 மே 22 அன்று வென்றனர்.

தலைவரைக் கண்டு அஞ்சுவோர் தம் தவற்றை மறைப்பர். மறைத்த தவறு திருந்தாது. தலைவர் துணைநிற்பார் என நம்புவோரே குறையை வெளிப்படையாகக் கூறித் திருத்துவர்.

சிந்தித்து எழுதுக: உங்கள் அணி தோற்றால், அணித்தலைவர் முதலில் என்ன கூற வேண்டும்? ஏன்?