திருடுபோன துப்பாக்கி திரும்பி வந்தால் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் உரிமம் உண்டு. கடந்த ஆண்டு அது தோட்டத்து வீட்டிலிருந்து திருடுபோனது. உடனே போலீஸில் புகார் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பணமும் வந்தது. அதில் வேறொரு துப்பாக்கி வாங்கிவிட்டேன். இப்போது பழையது ஒருவரிடம் பிடிபட்டிருக்கிறது. "காசு கொடுத்து வாங்கினேன்" என்கிறாராம் அவர். எனக்குத் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வாங்கியவரைப் பற்றிக் கவலை வேண்டாம். திருடியவனுக்கே இல்லாத உரிமை, அவனிடம் வாங்கியவருக்கு வராது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27-வது பிரிவின் அடிப்படை இதுதான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் அதுவே தனிக் குற்றம்.

உங்களோடு உரிமை பேசக்கூடியது இன்சூரன்ஸ் நிறுவனம்தான். பணம் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். அது வெறும் சப்ரோகேஷன் கடிதம், அதாவது உங்கள் இடத்தில் நின்று உரிமை கோர நிறுவனத்தை அனுமதிக்கும் கடிதம் என்றால், நிறுவனம் கொடுத்த தொகை அளவுக்குத்தான் அதற்கு உரிமை, மிச்சம் உங்களுக்கு. பொருளையே முழுதாக எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. 2010-ல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பாலிசியின் நிபந்தனைகளையும் பாருங்கள்.

எப்படியானாலும், துப்பாக்கி கிடைத்ததை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணத்தையும் வைத்துக்கொண்டு பொருளையும் எடுத்துக்கொள்ள முடியாது. தொகையைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். துப்பாக்கியை வைத்திருக்கவோ விற்கவோ அவர்களுக்கும் ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும்.

அடுத்தது நீதிமன்றம். துப்பாக்கி இப்போது வழக்குச் சொத்து. போலீஸ் நிலையத்தில் கேட்டு வாங்கிவர முடியாது. குற்றவியல் நடைமுறையை வகுக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497 அல்லது 503-வது பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். முதல் தகவல் அறிக்கை, உரிமம், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் மூன்றையும் இணையுங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். திருடர்கள் முதலில் அரத்தால் தேய்ப்பது அதைத்தான். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் காலவரையின்றிப் போட்டு வைக்கக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் துப்பாக்கி சாட்சியப் பொருள் என்பதால், விசாரணை முடியட்டும் என்று நீதிமன்றம் சொல்லலாம். குற்றம் நிரூபணமானால் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யவும் ஆயுதச் சட்டத்தின் 32-வது பிரிவில் இடமுண்டு. அதனால் 'நான்தான் உரிமையாளர்' என்ற மனு முன்கூட்டியே பதிவில் இருப்பது அவசியம்.

கடைசியாக, உரிமம். திருட்டுக்குப் பிறகு பழைய துப்பாக்கியின் பதிவு நீக்கப்பட்டிருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் மறுபடி சேர்க்க விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான். புதியதோடு சேர்த்து ஏற்கெனவே இரண்டு இருந்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சொந்தம் என்பதாலேயே வைத்திருக்கும் அனுமதி வந்துவிடாது. நீதிமன்றம் விடுவித்தாலும், உரிமத்தில் பதிவாகும்வரை துப்பாக்கி போலீஸ் பாதுகாப்பிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ இருக்கட்டும். அவசரப்பட்டு வீட்டுக்கு எடுத்து வந்தால், திருட்டுக் கொடுத்த நீங்களே ஆயுதச் சட்ட வழக்கில் நிற்க நேரிடும்.