முடிந்து வைத்த காசும் மறு ஸ்கேனும்

நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம். டீ நேரத்தில் பாத்ரூமுக்குப் போன பெண், உள்ளாடையில் ரத்தக்கறையைப் பார்க்கிறாள். சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சம். பக்கத்து ஓவர்லாக் மெஷின் அக்காவிடம்தான் சொல்கிறாள். "சாமிய நெனச்சுக்க கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்கிறார் அக்கா. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நடக்கக்கூடிய காட்சிதான். அக்காவின் அந்த வார்த்தையில் பிழையில்லை. அதற்குப் பின்னால் வரிசைகட்டி வரும் யோசனைகளில்தான் சரியும் தவறும் கலந்து கிடக்கின்றன.

நம்பிக்கை: ரத்தம் பட்டாலே கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: முதல் 12 வாரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தக்கசிவு ஏற்படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. கறையின் நிறத்தைப் பார்த்து வீட்டில் யாரும் தீர்ப்பு எழுத முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். ஆறேழு வாரத்தில் அதில் இதயத்துடிப்பு தெரிய ஆரம்பிக்கும்.

நம்பிக்கை: மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, அப்புறம் ஆஸ்பத்திரி.

உண்மை: முடிந்த காசு காத்திருக்கும், கருக்குழாய் காத்திருக்காது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒருபக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், நாப்கின் நனைந்துகொண்டே இருக்கும் அளவுக்கு ரத்தப்போக்கு: இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் போகும்போதும் சாமியைக் கும்பிடலாம்.

நம்பிக்கை: கூட்டுப் பிரார்த்தனை செய்தால் கரு தங்குவது இரண்டு மடங்காகும் என்று அமெரிக்க விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்.

உண்மை: 2001-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. தென்கொரியாவில் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக வேறு நாடுகளில் இருந்தவர்கள் பிரார்த்தித்தார்களாம்; பிரார்த்தனை செய்யப்படாதவர்களில் 26 சதவீதம் பேரும், செய்யப்பட்டவர்களில் 50 சதவீதம் பேரும் கருத்தரித்தார்களாம். பின்னால் நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. ஆய்வாளர்களில் ஒருவரான ரோஜெரியோ லோபோ தன் பெயரை விலக்கிக்கொண்டார். இன்னொருவரான டேனியல் விர்த், வேறொரு மோசடி வழக்கில் 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2006-இல் 1,802 இதய அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், பிறர் செய்த பிரார்த்தனையால் பலன் எதுவும் தெரியவில்லை. பக்தியை மாத்திரையைப்போல எடைபோட்டுக் காட்ட வேண்டிய அவசியம் பக்தருக்கு இல்லை.

நம்பிக்கை: படுத்தே கிடந்தால் கரு தங்கிவிடும்.

உண்மை: படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாரம் தூக்குவதையும் இரவு ஷிப்டையும் தவிர்ப்பது நல்லதுதான். ஆனால் அது வேறு விஷயம். முந்தைய கர்ப்பம் கலைந்து, இந்தக் கர்ப்பத்தில் கசிவு இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்து உதவக்கூடும். அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். பலருக்கு டாக்டர் சொல்வது இவ்வளவுதான்: "ஒரு வாரம் கழிச்சு மறு ஸ்கேனுக்கு வாங்க." மருத்துவமும் காத்திருக்கும் வாரம் அது. திருநீறோ, வேளாங்கண்ணி மாதா படமோ, தர்காவில் ஓதிக் கட்டிய கயிறோ, மனசுக்குப் பிடிமானம் தேவைப்படுவது அந்த ஏழு ராத்திரிகளுக்குத்தான்.

நம்பிக்கை: கரு கலைந்தால் லீவு கிடையாது, ரெண்டு நாளில் வேலைக்கு வந்துவிட வேண்டும்.

உண்மை: கருச்சிதைவுக்கு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்திலிருந்தே இருந்துவரும் உரிமை. இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதற்குப் போதிய நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். பீஸ் ரேட்டில் ஓடுபவர்கள், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: சாமி குத்தம், இல்லாவிட்டால் அவள் செய்த பாவம். அதனால்தான் தங்கவில்லை.

உண்மை: தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. கரு உருவான நேரத்திலேயே நேர்ந்துவிடும் பிசகு அது. மெஷின் மிதித்ததாலோ, நேர்த்திக்கடன் பாக்கி இருந்ததாலோ வருவதில்லை.

பாபநாசம் பக்கத்துத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிக்கொள்பவர்கள் அந்தத் தலபுராணத்தை முழுசாகக் கேட்க வேண்டும். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பிணி. கணவர் வீட்டில் இல்லாத நேரம், களைப்பில் எழ முடியாமல் கிடந்தாள். பிச்சை கேட்டு வந்த ஊர்த்துவபாத முனிவர், அவள் அலட்சியம் செய்கிறாள் என்று நினைத்துச் சபித்தார். கரு கலையத் தொடங்கியது. வேதிகை கதறினாள். அம்பிகை ஓடிவந்து, அந்தக் கருவைக் குடத்தில் ஏந்திக் காத்தாள்.

"நீ என்ன செய்தாய்?" என்று அம்பிகை கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. அசந்து கிடந்தவள்மேல் பழி போட்டது முனிவர்தான். அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டு நாம் முனிவர் வேலையைப் பார்க்க வேண்டாம்.