பகைவரை நண்ணுதல்

தமிழிலே பகைவரைக் குறிக்கும் சொற்கள் பல உள. நள்ளார், நண்ணார், சேரார், கூடார், ஒன்னார் என்பன அவற்றுட் சில. இவற்றை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவை யாவும் எதிர்மறைச் சொற்கள். நள்ளாதவர் நள்ளார், நெருங்கி வராதவர் நண்ணார், ஒன்றாதவர் ஒன்னார். பகைவன் என்பவன் பிறவியிலே வேறானவன் அல்லன், இன்னும் வந்து சேராதவன் என்பதே இச்சொற்கள் தரும் பொருளாகும்.

நள்ளுதல் என்றால் நட்புக் கொள்ளுதல். நட்பு, நண்பன் என்பனவும் இவ்வடியாகப் பிறந்தவையே. நட்புக் கொண்டவரை நட்டார் என்பர். தேயிலைக் கன்று நட்டார் என்பது நடுதல் என்னும் வேறு வினை. நண்ணுதல் என்றால் கிட்டச் செல்லுதல்.

கந்தபுராணம் இதற்கு நல்ல விளக்கமாகும். மாமரமாய் நின்ற சூரபன்மன் வேலினால் இரு கூறாகி, மயிலும் சேவலுமாய் மீண்டும் சினந்து வந்தான். முருகப் பெருமான் அருட்கண்ணால் நோக்கினார். பகை ஒழிந்தது. மயில் வாகனமாயிற்று, சேவல் கொடியாயிற்று. கொல்லுதல் இங்கே கொள்ளுதலாக மாறியது. இதனையே ஆட்கொள்ளுதல் என்கிறோம். ஐப்பசியில் சூரன்போர் பார்க்கும் அடியார்கள் இந்த முடிவையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

திருவள்ளுவரும் பகைத்திறம் தெரிதல் என்னும் 88ஆம் அதிகாரத்தில், பகையையும் நட்பாக்கிக் கொள்ளும் பண்புடையவனின் பெருமையிலே உலகம் தங்கியுள்ளது என்று கூறுகிறார். ஆயினும் 83ஆம் அதிகாரமாகிய கூடா நட்பில், உள்ளத்தில் பகை வைத்து முகத்தால் மட்டும் சிரிப்பவரிடம் எச்சரிக்கையாய் இருக்கச் சொல்கிறார். ஆகவே நள்ளுதல் என்பது நடிப்பு அன்று.

புளத்கொகுபிட்டியப் பகுதித் தோட்டங்களில், சண்டையிட்டவர்கள் மீண்டும் பேசினால் "ராசியாகிட்டாங்க" என்பர். இது சோதிட ராசி அன்று. இணங்குதல் என்னும் பொருளில் அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்த சொல். வழக்காளிகள் இணங்கி எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை ராசிநாமா என்றதும் இதனாலேயே.

ராசியாவதற்கு இருவர் வேண்டும். நண்ணுவதற்கோ ஒருவர் போதும். ஒரே லயத்தில், சுவர் ஒன்றே இடையிருக்க, ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் குடும்பங்கள் உண்டு. "அவர்கள் முதலில் வரட்டும்" என்று இரு வீட்டாரும் காத்திருந்தால் இருவருமே நண்ணார்தான். திருவிழா நாளில் ஒருவர் திருநீற்றுத் தட்டை மற்றவரிடம் நீட்டினால் அந்த எதிர்மறை நீங்கிவிடும். சூரனுக்கே இடம் கொடுத்த சந்நிதியில் அயலவருக்கு இடமில்லாமற் போகலாமா?