சிறுநீரில் இரத்தமா? கொள்ளை நோய்க் காலத்திலும் நாள் கடத்தாதீர்கள்!



2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 25-ந் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். கொரோனாவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் பலர். அந்தப் பயத்தில் மற்ற நோய்களைக் கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு. அப்படி விடக் கூடாத நோய்களில் ஒன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய். இனி ஒரு கொள்ளை நோய் வந்தால் இந்த விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே தெரிந்து கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் நடப்பது

ஒரு கிராமத்தில் ஒரு தம்பதி என்று வைத்துக் கொள்வோம். கணவருக்கு வயது 60. வாலிப வயதிலிருந்தே பீடிப் பழக்கம். ஊரடங்கு நேரத்தில் ஒரு நாள் துணி துவைக்கும்போது மனைவி கேட்கிறாள்:

"ஏங்க, வேட்டியில செவப்பா கறை இருக்கே, என்னங்க?"

"ஒண்ணுக்குப் போறப்ப கொஞ்சம் செவப்பாப் போச்சு. வலி ஒண்ணுமில்லே. சூடுதான் புள்ள. ரெண்டு இளநி குடிச்சாச் சரியாப் போயிடும்."

இரண்டு நாளில் சிவப்பு நின்று விடுகிறது. இளநீரால்தான் நின்றது என்று இருவரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த நோயின் குணமே அதுதான். இரத்தம் ஒரு நாள் வரும். பிறகு பல வாரங்கள் வராமலும் இருக்கும். உள்ளே கட்டி வளர்ந்து கொண்டே இருக்கும். வலி இல்லையே என்று இருந்து விடாதீர்கள். வலியில்லாமல் இரத்தம் போவதுதான் இந்த நோயின் முக்கிய அறிகுறி.

யாருக்கு வரும்?

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வருகிறது. புகையிலுள்ள நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, பையில் தங்குகிறது. சில வகைச் சாய இரசாயனங்களில் பல வருஷம் வேலை செய்தவர்களுக்கும் வரலாம். ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கும் உண்டு. பெண்கள் இதை மாதவிலக்கு என்றோ நீர்க்கடுப்பு என்றோ நினைத்து விட்டு விடுகிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் கண்டால் கட்டாயம் காட்டுங்கள்.

சிறுநீரில் இரத்தம் வருவதெல்லாம் புற்றுநோய் அல்ல. கல்லாலும் வரலாம், கிருமியாலும் வரலாம். எது என்று பரிசோதித்தால்தான் தெரியும்.

கேள்வி: கொள்ளை நோய்க் காலத்தில் ஆஸ்பத்திரியில் என்ன மாறுகிறது?

பதில்: 2020-ல் பல வார்டுகள் கொரோனா வார்டுகளாயின. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனை கொரோனா நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மயக்க மருந்து டாக்டர்களும் சுவாசக் கருவிகளும் அங்கே தேவைப்பட்டதால், அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப் போயின.

கேள்வி: அப்படியானால் புற்றுநோய் சிகிச்சையையும் தள்ளலாமா?

பதில்: எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. கட்டி மேலாக இருந்தால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்து விடுவார்கள். ஆனால் அது திரும்ப முளைக்கக் கூடியது. அதனால் முதல் பரிசோதனை 3 மாதத்தில் உண்டு. அபாயம் குறைந்த கட்டி என்றால், அதற்குப் பிறகு வரும் பரிசோதனையைச் சில மாதம் தள்ள டாக்டர் சம்மதிக்கலாம். வீரியமுள்ள கட்டியென்றால் தள்ளக் கூடாது. பையின் தசைக்குள் கட்டி இறங்கி விட்டால் பையையே எடுக்க வேண்டி வரலாம். அந்த ஆபரேஷன் 3 மாதத்துக்கு மேல் தாமதமானால் உயிருக்கு ஆபத்து அதிகம். ஆகவே தள்ளுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: பி.சி.ஜி. மருந்து ஏற்றச் சொன்னார்களே, அது குழந்தைக்குப் போடும் ஊசியல்லவா?

பதில்: அதே கிருமிதான். வாரம் ஒரு தடவையாக 6 வாரம் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றுவார்கள். அது கட்டி திரும்ப வருவதைக் குறைக்கும். இடையில் நிறுத்தாதீர்கள். மருந்து ஏற்றும் காலம் முழுவதும் தாம்பத்திய உறவில் ஆணுறை உபயோகியுங்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. கணவரிடமிருந்து மனைவிக்கோ, மனைவியிடமிருந்து கணவருக்கோ தொற்றாது. ஒரே பாயில் படுக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சிறுநீரில் ஒரே ஒரு தடவை இரத்தம் கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சிறுநீர்ப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள்.

2. நோய்ச் சீட்டு, ஸ்கேன் படம், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அவை உதவும்.

3. அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். போக முடியாவிட்டால் சும்மா இருந்து விடாமல் டாக்டருக்குச் சொல்லி வேறு தேதி வாங்குங்கள்.

4. வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். இரத்தம் கட்டி கட்டியாக வந்தாலும், சிறுநீர் அடைத்துக் கொண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 2020 ஊரடங்கிலும் ஆம்புலன்ஸ் ஓடியது. மருத்துவக் காரணத்துக்கு இ-பாஸும் கொடுத்தார்கள்.

5. முகக்கவசம் அணிந்து, கை கழுவி, ஒரே ஒருவர் துணைக்குப் போங்கள்.

6. பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்.

தாய்மார்களே! கணவர் வெட்கப்பட்டு மறைக்கலாம். துணியில் கறை கண்டால் நீங்கள் கேளுங்கள். ஐயா! மனைவி சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் பரிவாகக் கேளுங்கள். கணவன் மனைவிக்குள் இதில் வெட்கம் எதற்கு?

கொள்ளை நோய் வந்து போகும். சிறுநீரில் இரத்தம் கண்டால் அது போகட்டும் என்று காத்திராதீர்கள்!